புரை முத்தட்டும்

என் மச்சான் பிரதாபனை ஊரில் கண் டாக்குத்தர் என்றுதான் சொல்வார்கள். அவன் கண் டாக்குத்தர் இல்லை. எந்த டாக்குத்தரும் இல்லை. கோழிக்குச் சீக்கு வந்தால் கூட என்ன செய்வதென்று தெரியாதவன். மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து முதல் வகுப்பில் சித்தியடைந்து, மனிதருடைய மூளை எப்படிப் பார்க்கிறது என்று முதுகலைக்கு ஆராய்ச்சி செய்தவன். அந்தப் பாடத்துக்குக் காட்சிப் புலனுணர்வு என்று பெயர். அதைச் சொல்லும்போது அவனுக்கு வாய் நிறைந்துவிடும். கேட்கிற எங்களுக்கு வயிறு நிறைந்துவிடும்.

நான் அருந்ததி. அவனுடைய தாய் நாகேஸ்வரி என் அப்பாவின் தங்கை. பிரதாபனுக்கும் எனக்கும் கலியாணம் முடித்து வைக்க ஒரு காலம் இரண்டு வீட்டாரும் பேசினார்கள். நான் ஒரு வயது மூத்தவள் என்று மாமி மறுத்துவிட்டா. அந்த ஒரு வயதுக்காக நான் இன்றுவரை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

அவர்கள் குடும்பம் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து கனகராயன்குளத்தில் வயற்காணி எடுத்துக் குடியேறியது. பிரதாபன் ஒரே பிள்ளை. அவனை வயலில் இறக்கியதே இல்லை. தொண்ணூற்றைந்தில் அவனுடைய தகப்பன் செத்த செய்தி கேட்டு ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். வந்தவனால் திரும்பிப் போக முடியவில்லை. வன்னியைக் கையில் வைத்திருந்த இயக்கம், இளந்தாரிகளுக்கு வெளியேறப் பாஸ் கொடுக்காத காலம் அது.

அவன் கண் டாக்குத்தர் ஆனது தகப்பனுடைய செத்தவீட்டில்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வந்த சனம் வேப்பமரத்துக்குக் கீழே இருந்தது. சாப்பாடு ஆயத்தமாகவில்லை. சும்மா இருக்கப் பொறுக்காமல் இவன் ஒரு கடதாசி மட்டைத்துண்டில் கரியால் இடது பக்கம் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடியும் வலது பக்கம் ஒரு பொட்டும் போட்டுக்கொண்டு வந்தான்.

“வீரகத்தியண்ணை, இடக்கண்ணைப் பொத்துங்கோ. மற்றக் கண்ணால புள்ளடியையே பாருங்கோ. மட்டையை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டு வாங்கோ.”

பக்கத்து வளவு வீரகத்தி சொன்னபடி செய்தார். திடீரென்று வாயைப் பிளந்தார்.

“டேய் தம்பி, பொட்டைக் காணேல்ல!”

“எல்லார் கண்ணிலயும் அப்பிடி ஒரு குருட்டு இடம் இருக்குது அண்ணை. ஆனா ஒருத்தருக்கும் தெரியாது. ஏனெண்டா கண் பார்க்கிறேல்ல, மூளைதான் பார்க்குது. காணாத இடத்தை அது தானே நிரப்பிப்போடும்.”

செத்தவீடு திருவிழாவாகிவிட்டது. கிழடு கட்டைகள் எல்லாம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றன. தகப்பனுடைய படத்துக்கு முன்னால் விளக்கு அணைந்து போனதை ஒருவரும் பார்க்கவில்லை. நான்தான் போய் எண்ணெய் விட்டேன்.

அடுத்த நாளே ஒரு தாய் கண்ணில் பீளை கட்டிய பிள்ளையைக் கொண்டுவந்தாள். தான் அந்த மாதிரி டாக்குத்தர் இல்லை என்று அவளுக்குச் சொன்னான். அதற்கடுத்து வந்தவருக்கும் சொன்னான். பிறகு ஒரு மனுசி முட்டை கொண்டுவந்தாள். முட்டை கொண்டுவந்தவளுக்கு அவன் சொல்லவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்து, “உப்புத்தண்ணியால கழுவுங்கோ” என்றான். பிறகு பப்பாசி வந்தது, முருங்கைக்காய் வந்தது, உயிரோடு ஒரு சேவலும் வந்தது. மாமிக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. இமையை இழுக்கிறவன் மகன், குழம்பு வைக்கிறவ தாய். நன்றாகத்தான் ஓடியது.

ஆனால் எங்கள் டாக்குத்தர் ஐயா திருப்தியில்லாமல் இருந்தார். கரண்ட் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, ஆராய்ச்சிக்கு ஆட்கள் இல்லை என்று என்னிடம் வந்து புலம்புவான். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு வகுப்புக்குரிய இடத்தில் மூன்று வகுப்பு வைத்து, இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளையும் சேர்த்து அடைத்து வைத்திருந்த காலம். பக்கத்து மரத்துக்குக் கீழே மனிதர் குவிந்து கிடக்க, ஆட்கள் இல்லை என்று அழுகிறவனை என்ன சொல்வது? இவனுக்கு மனிதர் தேவையில்லை, வினோதம்தான் தேவை.

அந்த வினோதம் பேச்சியம்மாவின் உருவில் வந்தது.

பேச்சியம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அங்கே அடித்துத் துரத்தியபோது குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, எங்கள் குளத்துக்கு அந்தப் பக்கம் காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். புருசன் செத்துவிட்டார். மகன் சங்கிலியும் மருமகள் பிரேமிளாவும் மாமியின் வயலில்தான் வேலை. மாமி அவர்களைப் பின்பக்கத்துப் படலையால்தான் உள்ளே விடுவா. காதுடைந்த கோப்பை ஒன்றை அவர்களுக்கென்றே குசினிக் கூரை இறவாணத்தில் செருகி வைத்திருந்தா. நல்லூர்க் கந்தனைக் கும்பிடுகிற வீட்டின் லட்சணம் அது.

பேச்சியம்மாவுக்கு வலக்கண் சின்ன வயதிலேயே தேயிலைச் சிம்பு குத்திப் போய்விட்டது. மிஞ்சியிருந்த இடக்கண்ணில் புரை படர்ந்துகொண்டு வந்தது. தொண்ணூற்றாறு முடிகிற நேரம் ஒரு நாள் மாமி வீட்டுக்கு வந்தார். நான் அப்போது மாமியிடம் அரிசிமா வாங்கப் போயிருந்தேன். கண்ணுக்கு மருந்து கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“ஐயா, எங்க வீட்டுக் கூரையில பொம்பளைங்க நடந்து போறாளுக. மொழங்கை உசரந்தான் இருப்பாளுக. முதுகுல கொழுந்துக் கூடை. வரிசையா போறாளுக, வர்றாளுக. ஒருத்தியும் வாயத் தெறக்க மாட்டேங்கிறா. கைய நீட்டினா மறைஞ்சிடுறாளுக. எனக்குப் பேய் புடிச்சிருக்குனு மருமக புள்ளைங்கள எங்கிட்ட விட மாட்டேங்குது. எனக்குப் பைத்தியமாங்கய்யா?”

பிரதாபன் துள்ளி எழுந்தான். உள்ளே ஓடிப்போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, “இருங்கோ அம்மா, இருங்கோ” என்றான். அந்த வீட்டில் பேச்சியம்மாவுக்குக் கதிரை போட்டது அதுதான் முதல் தடவை. மாமி என்னைப் பார்த்து முழித்தா.

“உங்களுக்குப் பைத்தியம் இல்லை. பேயும் இல்லை. கண் மங்கினா மூளைக்குப் பார்க்க ஒண்டும் கிடைக்காது. அது சும்மா இருக்காது, தானே படம் போட்டுப் பார்க்கும். உங்கட மூளையில பழைய தோட்டம் இருக்குது. அதைத்தான் எடுத்துப் போடுது. வயசு போன கன பேருக்கு வாறதுதான். வெளியில சொல்லப் பயத்தில சொல்லுறேல்ல.”

பேச்சியம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். அவன் சொன்னது சரி. அதை நான் மறைக்க மாட்டேன். அவன் பிறந்ததிலிருந்து செய்த ஒரே வைத்தியம் அதுதான். பிரேமிளாவையும் கூப்பிட்டுச் சொன்னான். அவள் பிள்ளைகளை மறுபடியும் கிழவியின் மடியில் விட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று அவனைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகவே சொல்லியிருப்பேன்.

கிழமைக்கொரு தடவை குளத்தைச் சுற்றிச் சைக்கிளில் போகத் தொடங்கினான். கூடை என்ன நிறம், பொம்பிளைகள் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், கண்ணை மூடினால் போய்விடுகிறார்களா என்று கேட்டுக் கேட்டு எழுதுவான். சீனியைக் கண்ணில் காணாத அந்த நாட்களில் அவர்கள் எங்கேயோ தேடி இவனுக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்கள். இவன் குடித்துவிட்டு வருவான். இரண்டொரு தடவை நானும் கூடப் போனபோது ஒரு விஷயம் கவனித்தேன். கொப்பி திறந்திருக்கும்போது பேச்சியம்மா ‘நீங்கள்’. கொப்பியை மூடினால் ‘நீ’. எழுதும்போது மட்டும் மரியாதை கொடுக்கிற மனிதனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

“மச்சாள், லண்டனில இருக்கிற பேராசிரியருக்கும் இப்பிடி ஒரு ஆள் கிடைக்காது” என்று ஒரு நாள் என்னிடம் வந்து குதித்தான். “ஒரே ஆளை மாதக்கணக்கில தொடர்ந்து பார்த்து எழுதினவை குறைவு.”

“வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் கண்ணில புரையை வெட்டினா மனுசிக்குப் பார்வை வந்திடுமே?”

“வரும். ஆனா வெட்டினாப் பொம்பிளையள் எல்லாரும் போயிடுவினம்.”

வீடு எரியப் போகிறது என்று சொல்கிறவனைப் போல அதைச் சொன்னான். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

பங்குனி மாதம் சங்கிலிக்குப் பாஸ் கிடைத்தது. தாயை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண் காட்ட, அவனுக்கும் தாய்க்கும் பாஸ். எத்தனை நாள் வரிசையில் நின்றிருப்பான், எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பான் என்று வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவன் நேரே மாமி வீட்டுக்குத்தான் வந்தான். பின்பக்கத்துப் படலையால் வந்து, கையில் பாஸை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றான்.

“ஐயா, அம்மாவ எப்பக் கூட்டிட்டுப் போகட்டும்?”

பிரதாபன் தாடையைத் தடவினான். நான் நெல்லுக் காயப்போட்ட சாக்கின் பக்கத்தில் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“அவசரப்படாதை சங்கிலி. புரை இன்னும் முத்தேல்ல. முத்தட்டும். முத்தினாப் பிறகு வெட்டினாத்தான் சுகமாக் கழண்டு வரும். ஆடிக்குப் பிறகு பார்ப்பம்.”

மாம்பழம் பழுக்கட்டும், பறிப்போம் என்பதைப் போலச் சொன்னான். புரை முத்தவேண்டும் என்பது எங்கள் சனத்திடம் காலங்காலமாக இருக்கிற நினைப்பு. சங்கிலிக்கும் அது தெரிந்த கதைதான். அதனால் உடனே தலையாட்டினான். இவன் படித்த படிப்பு எதையும் எடுக்காமல், படிக்காத சனத்தின் நம்பிக்கையைப் பார்த்து எடுத்தான். அதுதான் கெட்டித்தனம்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “சங்கிலி, உது பழைய கதை. இப்ப முத்துமட்டும் இருக்கத் தேவையில்லை. றோட்டும் எந்த நேரம் பூட்டுவாங்களோ தெரியாது. நீ நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ” என்றேன்.

சங்கிலி என்னையும் பார்த்தான், அவனையும் பார்த்தான்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. ஐயா டாக்டருங்க.”

அவ்வளவுதான். செத்தவீட்டு மட்டைத்துண்டு வென்றுவிட்டது. சங்கிலி போன பிறகு பிரதாபனை நன்றாக ஏசினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டேன். அவன் ஒரே ஒரு மறுமொழிதான் சொன்னான்.

“நாலு மாசம் மச்சாள். நாலு மாசந்தானே கேக்கிறன். கிழவிக்கு எங்க ஓட்டம்?”

கிழவிக்கு ஓட்டம் இல்லை. யுத்தத்துக்கு இருந்தது. வைகாசியில் ஆமி வவுனியாவிலிருந்து கண்டி வீதியால் வடக்கே வெளிக்கிட்டது. றோட்டுப் பூட்டினது பூட்டினதுதான். செல்குண்டுகள் எங்கள் குளக்கட்டிலும் விழத் தொடங்க, எல்லாரும் கிளம்பி மல்லாவிப் பக்கம் போய்த் தறப்பாள் கூடாரத்துக்குள் குந்தினோம். பாஸ் சங்கிலியின் சட்டைப் பையில் இருந்து வியர்வையில் ஊறிக் கிழிந்தது.

புரை முத்தியது. இவன் ஆசைப்பட்டதைவிட நன்றாகவே முத்தியது. அந்த மழைக்காலம் கண் சிவந்து வீங்கிவிட்டது. பேச்சியம்மா வலி தாங்காமல் பாலைமரத்தில் தலையை முட்டுவார். சங்கிலி தாயைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு திசை திசையாக அலைந்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, இங்கே வெட்ட வசதியில்லை என்று ஒரு மருத்துவர் சொன்னார். வலிக்குப் பனடோல் மாத்திரைதான் கிடைத்தது. பிறகு ஒரு நாள் வலி நின்றது. வலியோடு வெளிச்சமும் போய்விட்டது.

இதற்கெல்லாம் நடுவில் பிரதாபன் போய் வந்துகொண்டுதான் இருந்தான். போய் என்ன கேட்டான் தெரியுமா? வலி இருக்கும்போது உருவங்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று கேட்டான். வெட்கம் கெட்டவன். அதைவிட வெட்கக்கேடு, கேட்டுவிட்டு வந்து எனக்கு வாசித்துக் காட்டியது.

“இப்ப வேற மாதிரி வருது மச்சாள். ஆளுயரத்தில வருகினம். உடம்பு முழுக்கப் பச்சை பூசினவன் ஒருத்தன், கையில கரும்பு. தலைவிரிகோலமா ஒரு பொம்பிளை குந்தியிருந்து அழுகிறா. கறுப்பு மை பூசினவன் இடுப்பில கயிறு கட்டிக்கொண்டு ஆடுறான், பின்னால நாலு பேர் கயித்தை இழுத்துப் பிடிக்கினம். விளங்குதே? முதல் வெறும் படம். இப்ப கதை. வெளிச்சம் முழுசாப் போகப் போக, மூளை கதை கட்டத் தொடங்குது. இதை இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதேல்ல. தனி அதிகாரமே எழுதலாம்.”

எழுதினான். தொண்ணூற்றொன்பதில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போக யாரையோ பிடித்துப் பாஸ் எடுத்தான். போகிறவன் திரும்பி வருவான் என்பதற்கு ஆள்பிணை வேண்டும். தாயைப் பிணை வைத்துவிட்டுப் போனான். போனவன் திரும்பவில்லை. மாமி மல்லாவியில் இருந்துகொண்டு, மகன் எங்கே என்று வந்து கேட்கிறவர்களுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தா. தொட்டுக் கும்பிட்டு வளர்த்த ஒரே பிள்ளை. மாமியின் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். காதுடைந்த கோப்பை என் நினைவில் இருந்தது.

இரண்டாயிரத்தொன்றில் இடமாற்றம் கிடைத்து நான் வவுனியாவுக்கு வந்தேன். பிரதாபன் அதற்குள் முதுகலைப் பட்டம் வாங்கி வவுனியாவிலேயே ஒரு நல்ல உத்தியோகத்தில் இருந்தான். பெயருக்குப் பின்னால் எழுத்துக்கள் சேர்ந்திருந்தன. அவனுடைய நாலாம் அதிகாரத்தைப் பரீட்சகர்கள் மெச்சினார்கள் என்றும், வெளிநாட்டில் மேலே படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் கண்ட கண்ட இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பேச்சியம்மாவும் வவுனியாவில்தான் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். போய்ப் பார்க்க நேரமில்லை என்றான்.

நான் போனேன். மன்னார்ப் பக்கத்து வழியால் ஒரு மாதிரி வெளியே வந்து, இடம்பெயர்ந்த சனத்துக்கான ஒரு நலன்புரி நிலையத்தில் சங்கிலி குடும்பம் இருந்தது. கண் பார்க்கிற டாக்குத்தர், உண்மையான டாக்குத்தர், நரம்பு செத்துவிட்டது, முதலே கொண்டுவந்திருந்தால் பார்வை வந்திருக்கும் என்று சொல்லிவிட்டாராம். பேச்சியம்மா என் குரலைக் கேட்டதும் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருத்தினார். பிரேமிளா தேத்தண்ணி வைத்தாள். கதைக்க ஒன்றும் வராமல், “இப்பவும் அந்த ஆக்கள் வருகினமோ அம்மா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார்.

“அவளுக எங்க வர்றாளுக டீச்சரம்மா. அதெல்லாம் அந்த வருசம் மாசியிலயே நின்னுபோச்சு.”

“எந்த மாசி?”

“நாம எடம்பெயர்ந்த வருசந்தான். சங்கிலிக்குப் பாசு வந்துச்சுல்ல, அதுக்கு முந்தின மாசம்.”

“பிறகு நீங்கள் அவனுக்கு எவ்வளவோ சொன்னியளே?”

“ஐயா அம்புட்டுத் தூரம் சைக்கிள் மிதிச்சிட்டு வர்றாரு. எனக்குப் பைத்தியம் இல்லைனு சொன்ன மனுசன். வீடு தேடி வந்தவர வெறுங்கையோட அனுப்புறதா? நம்மகிட்டக் குடுக்க வேற என்ன இருந்துச்சு? அத்தோட, சொல்லச் சொல்லத்தான் கண்ணு தெளியும்னு நெனச்சேன். அதான் வைத்தியம்னு நெனச்சேன். நான் சொல்லச் சொல்ல ‘நல்லது, நல்லது’ம்பாரு. அப்ப நல்லாகிக்கிட்டு வருதுனுதானே அர்த்தம்?”

“அந்தப் பச்சை பூசினவன்? கயிறு கட்டி ஆடினவன்?” என்று கேட்டேன்.

“அது எங்க தோட்டத்துல மாசி மாசம் போடுற காமன் கூத்து. கறுப்பு மை பூசிக் கயிறு கட்டி ஆடுறது எங்க அப்பா. அந்த வேசத்துக்கு அவருதான். சொல்றதுக்குப் பொம்பளைங்க இல்லாமப் போகவும், கூத்துலருந்து ஒவ்வொரு வேசமா எடுத்து ஐயாவுக்குச் சொன்னேன். அவருக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு.”

பிரேமிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தெரிந்த கூத்து அது. எனக்குத் தெரியாது. நான் ஆராய்ச்சி செய்யவில்லை. அவன் மலைநாட்டில் வருடக்கணக்காக இருந்து படித்தவன். பல்கலைக்கழகத்துக்கு மேலே இருக்கிற மலையில் மாசிக்கு மாசி பறை அடித்து ஆடியிருக்கிறார்கள். இவனுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தோட்டக்காட்டுச் சத்தம் என்று யன்னலைச் சாத்தியிருப்பான்.

அங்கிருந்து நேரே அவனுடைய அறைக்குப் போனேன். இருக்கச் சொன்னான், நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் சாம்பலாகப் போனது.

“மாசி எண்டு வடிவாச் சொன்னவாவே?”

“ஓம். மாசி. பாஸ் வந்தது பங்குனி. நீ ‘முத்தட்டும்’ எண்டு சங்கிலியைத் திருப்பி அனுப்பேக்க, அந்த மனுசியின்ர கூரையில ஒருத்தியும் இல்லை. ஒண்டும் இல்லாத ஒண்டுக்காகத்தான் நீ கண்ணை எடுத்தனி.”

அவன் எழுந்தான். நான் காத்துக்கொண்டு நின்றேன். உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றேன், என்ன இருந்தாலும் என் மாமியின் பிள்ளை, அந்தக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று. அவன் அலுமாரியைத் திறந்து, பொன்னெழுத்துப் பதித்த தன் ஆய்வேட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினான். நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து நின்றான்.

“அப்ப நாலாம் அதிகாரம் முழுக்கப் பிழை” என்றான். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். “மச்சாள், உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.”

அதற்காகத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன்.